தொப்பூர் இறக்கமும் என் வளையமும்

வெப்பக் கடத்தலை ஆராய்கிறவனின் பிழைப்பு, ஏற்கெனவே சூடாகிவிட்ட ஒரு பொருளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இது இன்னும் எவ்வளவு சூடாகும் என்று பயப்படுவதுதான். கல்லூரியில் இதைப் பாடமாக நடத்தும்போது பயத்தைச் சொல்வதில்லை. சமன்பாட்டை எழுதிப் போட்டுவிட்டு, பயத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவோம்.

கீழே வருகிற கதையின் முக்கியமான பகுதி ஒரு லாரி டிரைவர் என்னிடம் சொன்னது. அதை நானே சில வருடங்களாக முழுதாக நம்பியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொய் என்றும் நினைத்ததில்லை. சொன்னவர் நல்லவர், சொன்னது எனக்குச் சாதகமானது. இரண்டும் சேர்ந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு பஸ்ஸில் போகும்போது, தொப்பூர் இறக்கம் வந்ததும் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்பவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் என் கூட்டம்தான், உங்களிடம் தயங்காமல் சொல்லலாம்.

காய்ச்சல் பார்த்தது

கொரோனா அடங்கி லாரிகள் மறுபடி முழுசாக ஓட ஆரம்பித்த சமயம். தர்மபுரி பைபாஸ் ஓரத்தில் சாதிக் பாயின் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு வெப்பமானியை எடுத்துக்கொண்டு போனேன். துப்பாக்கி மாதிரி இருக்கும். தொட வேண்டாம், தூரத்திலிருந்து நீட்டி அமுக்கினால் எதிரே உள்ள பொருளின் சூட்டைக் காட்டும். நான் பார்க்க விரும்பியது பிரேக் டிரம்மை. சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் கனமான இரும்புச் சட்டி அது. பிரேக்கை மிதித்தால் உள்ளேயிருந்து லைனிங் என்கிற பட்டை அதன்மேல் உரசும், அந்த உரசலில்தான் வண்டி நிற்கும். மலையிலிருந்து இறங்குகிற லாரியின் வேகமெல்லாம் அந்தச் சட்டியில் சூடாக மாறியாக வேண்டும். அதற்கு வேறு போக்கிடம் கிடையாது. சட்டி அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டால் மிதித்தும் பிடிக்காது. தொப்பூரில் வண்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது இந்த மாவட்டத்தில் பால்காரருக்குக்கூடத் தெரியும்.

நான் துப்பாக்கியை நீட்டியதும் ஒர்க்‌ஷாப்பில் பேச்சு நின்றுபோனது. ஏதோ ஆபீசிலிருந்து சோதனைக்கு வந்திருக்கிறேன் என்று இரண்டு டிரைவர்கள் நழுவினார்கள். ஒருவர் மட்டும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக என் முன்னால் வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும், ஐம்பதைத் தாண்டியவர். பாப்பாரப்பட்டி மாதையன். சொந்த லாரியில் கல் ஏற்றிச் சேலத்துக்கு ஓட்டுகிறவர். நெற்றியை என் துப்பாக்கிக்கு நேராகக் காட்டிக்கொண்டு சொன்னார்: "மொதல்ல எனக்குப் பாத்துருங்க சார். எனக்குக் காய்ச்சல் இருந்தா வண்டிக்கும் இருக்கும்."

காலி வண்டியில்

இறக்கத்தை லாரியில் உட்கார்ந்து பார்க்காமல் அதைப் பற்றி ஆய்வு எழுதக்கூடாது என்று தோன்றியது. மாதையன் ஒருநாள் காலி வண்டியோடு சேலம் போனார், என்னையும் ஏற்றிக்கொண்டார். சுங்கச்சாவடி தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே ரோடு நழுவத் தொடங்கிவிடுகிறது. லாரி கேபின் உயரத்திலிருந்து பார்த்தால் அது ரோடாகத் தெரியவில்லை, யாரோ கீழேயிருந்து உருவிக்கொண்டிருக்கும் பாய் மாதிரி இருந்தது. குறைந்த கியரில் வாருங்கள் என்று வழியெல்லாம் பலகை வைத்திருக்கிறார்கள். காரணம் எளிது. கியரில் இருந்தால் என்ஜினே வண்டியைப் பாதி பிடித்து வைத்துக்கொள்ளும், பிரேக்குக்கு மீதிதான். நியூட்ரலில் போட்டால் டீசல் மிச்சம், ஆனால் மொத்த வண்டியும் அந்த இரும்புச் சட்டியின் தலையில். இதை நான் விளக்க விளக்க, மாதையன் தலையாட்டிக்கொண்டே தன் பெண்ணுக்கு அரூர்ப் பக்கம் மாப்பிள்ளை பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஒரு வளைவில் எங்களுக்கு முன்னால் போன லாரியிலிருந்து அந்த நாற்றம் வந்தது. கருகிய ரப்பரும் இல்லை, கருகிய முடியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. லைனிங் வேகும் நாற்றம். அந்த லாரியின் பின்சக்கரத்திலிருந்து லேசாகப் புகை வந்தது. அதன் பின் கதவில் யாரோ குழந்தைகள் பெயரை வரிசையாக எழுதியிருந்ததை வாசித்துக்கொண்டே வந்தேன். அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. மாதையன் கியரைக் குறைத்து, இடைவெளி விட்டு, பேச்சை நிறுத்தினார். என் வலது கால் தன்னால் கேபின் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. இறக்கம் முடிகிற வரை அழுத்தினேன். கீழே சமதரை வந்ததும் அவர் என் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சார், உங்க பக்கம் பிரேக் இல்லீங்க."

மின்விசிறி

அந்தப் பயணத்திலிருந்து பிறந்ததுதான் வளையம். டிரம்மின் வெளிப்புறத்தில் இறுக்கமாகப் பூட்டிக்கொள்கிற அலுமினிய வளையம், சுற்றிலும் மடிப்பு மடிப்பாக. அலுமினியம் சூட்டைச் சீக்கிரம் வெளியே இழுக்கும், மடிப்புகள் அதைக் காற்றில் விடும். யோசனை என்னுடையது, உழைப்பு ரேவதியுடையது. ரேவதி என்னிடம் ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்தவர். தினமும் அரூரிலிருந்து பஸ்ஸில் வந்து போனார், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு.

ஆய்வகத்தில் ஒரு பழைய டிரம்மை மோட்டாரில் சுற்றவிட்டு, பெரிய மின்விசிறியை எதிரே வைத்தோம். வளையம் அருமையாக வேலை செய்தது. துறையிலிருந்து ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லாரும் போன பிறகு ரேவதி மின்விசிறியைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். திரையில் எண்கள் ஏறத் தொடங்கின. இன்னும் கொஞ்சம் திருப்பினார். இன்னும் ஏறின. நான் சுவிட்சை அணைத்துவிட்டேன். சக்கரத்துக்குள்ளே, டயருக்கும் ரிம்முக்கும் நடுவில், காற்று எந்தப் பக்கம் வரும், வருமா என்பதே எங்களுக்குத் தெரியாது. அவர் கோபப்படவில்லை, பயந்த குரலில்தான் சொன்னார்: "இங்க காத்து நாம சொன்ன பக்கம் வருது சார். தொப்பூர்ல அதுக்கு யாரு சொல்றது?"

இறக்கத்தின் அடியில்

ஆகவே தொப்பூரிலேயே பார்த்துவிடுவது என்று முடிவானது. மாதையன் தானாகவே முன்வந்தார். அவர் லாரியின் பின்சக்கரங்களுக்கு வளையம் பூட்டி, டிரம்மில் சூடு அளக்கும் கம்பிகளை ஒட்டி, கேபினில் ஒரு பதிவுப் பெட்டியை வைத்தோம். கல் லோடு ஏற்றின வண்டியில் கல்லூரி ஆட்கள் யாரும் ஏறக்கூடாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. நானும் ரேவதியும் இறக்கம் முடிகிற இடத்தில் ஒரு டீக்கடையில் காத்திருந்தோம். அந்த டீக்கடையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், மேலேயிருந்து வருகிற ஒவ்வொரு லாரியும் முதலில் ஒரு சத்தம்தான். என்ஜின் இழுத்துப் பிடிக்கிற முனகல் கேட்டால் நிம்மதி. முனகல் இல்லாமல் ஏர் ஹாரன் மட்டும் விடாமல் கேட்டால், டீ மாஸ்டரே கிளாசை வைத்துவிட்டு ஒரு அடி உள்ளே போய்விடுவார். ஓர் ஆம்புலன்ஸ் மேலே ஏறிப் போனது. ரேவதி எழுந்து நின்றார். நான் மாதையன் போனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்க வேண்டாம் என்று அன்று காலை சொன்னதே நான்தான்.

நான் நினைத்ததைவிடத் தாமதமாகத்தான் வந்தார். வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினார். "பாதி எறக்கத்துல நாத்தம் வந்துச்சுங்க. பெடல் மெத்து மெத்துனு ஆயிருச்சு. சரி, இன்னிக்கு நம்ம கதை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அப்பறம் புடிச்சுது பாருங்க சார், உங்க வளையம். பெடலு கல்லு மாதிரி. ஐஸ் வெச்ச மாதிரி எறங்கிருச்சு." ரேவதி அழுதுவிட்டார். பதிவுப் பெட்டியைத் திறந்தோம். வேகம் அளக்கும் கம்பி எங்கோ உரசி அறுந்திருந்தது, சூடு மட்டும் பதிவாகியிருந்தது. கோடு ஏறிக்கொண்டே போய், பாதியில் செங்குத்தாக இறங்கியது. அவர் சொன்னதும் கோடு சொன்னதும் ஒன்று. ஆனாலும் கோட்டின் அந்த இறக்கம் அளவுக்கு மீறி நன்றாக இருந்தது. கேட்டேன், "நடுவுல எங்கயாச்சும் நின்னீங்களா, மாதையன்?" அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "எங்கயும் நிக்கலைங்க."

அழகான இடம்

அந்தக் கோட்டை நான் எத்தனையோ தரம் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். வளையத்தின் பரப்பு இவ்வளவு, காற்று இவ்வளவு என்றால் சூடு இறங்கலாம், ஆனால் அவ்வளவு வேகமாக இறங்காது. காற்றை அதிகமாக வைத்தால் பாதி ஒத்துவந்தது. புயல் அடித்ததாக வைத்துக்கொண்டால் முழுதும் ஒத்துவரும். கம்பி விட்டுப்போயிருக்கலாமோ என்று பார்த்தோம், ஒட்டு உறுதியாக இருந்தது. மறுபடி ஒரு சோதனை ஓட்ட வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டேன். ஒருதரம் ஆள் உயிரோடு வந்ததே போதும் என்று மறுத்துவிட்டார்கள். அதில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆய்வுக் கட்டுரையில் 'இந்த வீழ்ச்சிக்கு முழு விளக்கம் இன்னும் இல்லை' என்று ஒரு வரி சேர்த்தோம். அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. ரேவதியின் வாய்மொழித் தேர்வன்று வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வந்தார். திரையில் அந்தக் கோடு வந்ததும் எழுந்து வந்து, செங்குத்தான இடத்தில் விரலை வைத்தார். கேட்டுவிடப் போகிறார் என்று நினைத்தேன், கேட்டால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் திரும்பி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இந்த ஒரு இடம் போதும்மா. இதுதான் அழகு."

ஆறிய சோறு

மாதையனையே மறுபடி கேட்டிருக்கலாமே என்பீர்கள். அவர் பிறகும் அதே ரோட்டில், அதே வளையத்தோடு ஓடிக்கொண்டிருந்தார். பைபாஸில் எதிரே வந்தால் ஹாரன் அடித்துக் கை காட்டுவார். ஆனால் நம் பக்கத்து மனிதர்களின் மரியாதை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். சாப்பாடு எப்படி என்றால் உப்பே இல்லாவிட்டாலும் "பரவால்லீங்க" என்பார்கள். வாத்தியார் இவ்வளவு பாடுபட்டுச் செய்திருக்கிறார், அந்தப் பொண்ணு வேறு பயந்துபோய் நிற்கிறது, நன்றாக இருந்தது என்று சொல்லி வைப்போம் என்று மாதையன் நினைத்திருந்தால்? நான் போய்க் கேட்டால் அவர் பொய் சொன்னார் என்று நான் நினைப்பதாக ஆகும். கேட்காவிட்டால் ஒரு மனிதர் பொய்யான தைரியத்தில் வாரம் தவறாமல் மலை இறங்குகிறார் என்று ஆகும். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் சில வருடங்களை ஓட்டிவிட்டேன்.

சாப்பிடும்போதும் இதே யோசனை. கையில் எடுத்த கவளம் அப்படியே இருக்கும். என் மனைவி சாந்தி பள்ளி ஆசிரியை. பதில் தெரியாமல் நிற்கிற பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறவள். அவள் ஒருநாள் குழம்புக் கரண்டியோடு நின்றுகொண்டே சொன்னாள்: "நம்புனா நம்புங்க, இல்லைன்னா அந்தாளப் போய்க் கேளுங்க. ரெண்டுக்கும் நடுவுல உக்காந்துகிட்டு எஞ்சோத்த ஆற வெக்காதீங்க."

பஸ்ஸுக்கும் வேண்டுமாம்

சேலம், ஓமலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்காக எங்கள் கல்லூரி பஸ்கள் தினமும் காலையில் தொப்பூர் ஏறி, சாயங்காலம் இறங்குகின்றன. இந்த வருடம் துறைத் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. எல்லா பஸ்ஸுக்கும் நம் வளையத்தையே பூட்டிவிடலாம், பஸ்ஸின் பக்கவாட்டில் அதைப் பெரிதாக எழுதியும் விடலாம். நிர்வாகத்துக்கும் பிடித்துப்போனது. பாதுகாப்பானது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். சாயங்காலம் அந்த பஸ்கள் கேம்பசை விட்டுக் கிளம்பும்போது ஜன்னல் ஓரத்தில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தூங்குகிற பிள்ளைகளைப் பார்த்தேன். இறக்கத்தை அவர்கள் தூக்கத்திலேயே கடந்துவிடுவார்கள்.

கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று துறைத் தலைவரிடம் கேட்டேன். அவர் என்னைவிட இளையவர், தங்கமான மனிதர், எதற்கும் பயப்படாதவர். அதனாலேயே எனக்கு அவரிடம் பயம். வளையம் வேலை செய்கிறது என்பதற்கு ஒரே ஒரு இறக்கம்தான் சாட்சி, அதிலும் எனக்குச் சந்தேகம் என்றேன். அவர் என் தோளில் கை போட்டுக்கொண்டார். "சார், கண்டுபிடிச்ச நீங்களே நம்பலைன்னா, பஸ்ல எழுதறதுக்கு நான் எந்த வாயோட பெயின்டரக் கூப்புடறது?"

வலை

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த டிரம்மைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று சாதிக் பாயிடம் சொல்லி வைத்தேன். மாதையன் லாரியை கிரீஸ் போட விட்டிருந்த நாளில் பாய் என்னைக் கூப்பிட்டார். மாதையன் அப்போது அங்கே இல்லை. பாய் வளையத்தைக் கழற்றி, டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து வெயிலில் வைத்தார். வெளிப்புறத்தில் துரு ஒரே பக்கமாக, வழிந்த மாதிரி கோடு கோடாக இறங்கியிருந்தது. உள்ளே சிலந்தி வலை மாதிரி மெல்லிய விரிசல்கள். விரலை வைத்தால் நகம் மாட்டியது.

இப்படிப்பட்ட விரிசல் எனக்குப் புத்தகத்தில் பழக்கம். தகதகவென்று சூடான இரும்பு சட்டென்று குளிர்ந்தால் விழுவது. காற்றில் இது வராது. என் வளையம் கனவிலும் இவ்வளவு வேகமாகக் குளிரவைக்காது. நான் புயலை வைத்துக் கணக்குப் போட்ட இடத்தில் தண்ணீரை வைத்திருக்க வேண்டும். விரிசல்மேல் விரலை ஓட்டிக்கொண்டு அங்கேயே குந்தியிருந்தேன். டிரம்மில் ஏதோ பெரிய பழுது என்று நான் பயந்துவிட்டதாக நினைத்து, பாய் ஆறுதலாகச் சொன்னார்: "மலை எறங்குற வண்டி எல்லாத்துக்கும் இப்பிடித்தான் சார் இருக்கும். நமக்குத் தலை நரைக்கலையா, அந்த மாதிரி."

பாப்பாரப்பட்டியில்

அடுத்த நாளே பாப்பாரப்பட்டிக்குப் போனேன். மாதையன் வீட்டுக்கு எதிரே லாரி லோடோடு நின்றிருந்தது, தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். "வூட்டுக்குள்ள வாங்க சார், வெயில்ல நிக்காதீங்க" என்று கயிற்றை விட்டுவிட்டு வந்தார். அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். நான் சுற்றி வளைக்காமல், சோதனை அன்று சக்கரத்தில் தண்ணீர் ஏதாவது ஊற்றினீர்களா என்று கேட்டேன். மறுப்பார், அல்லது தலை குனிவார் என்று இத்தனை வருடமாக நான் பயந்திருந்தேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை.

"ஆமாங்க. முனியப்பன்கிட்ட ஊத்துனேன்."

"எந்த முனியப்பன்?"

"பாதி எறக்கத்துல வளைவுல இருப்பாருங்களே, கல்லு சாமி. லோடு வண்டின்னா அங்க நிறுத்தி, சாமிக்கு ஒரு செம்பு தண்ணி ஊத்திட்டு, மீதிய நாலு சக்கரத்துக்கும் ஊத்துவோம். எங்கப்பா காலத்துலருந்து அப்பிடித்தான். காலி வண்டிக்கு நிக்கறதில்லீங்க, சாமி அதெல்லாம் கேக்க மாட்டாரு."

"அன்னிக்கு நான் கேட்டப்ப எங்கயும் நிக்கலைன்னு சொன்னீங்க."

மாதையன் உண்மையாகவே குழம்பிப்போனார். "நிக்கறதுன்னா டீக்கு நிக்கறது, போலீஸ் கைய காட்டி நிக்கறது. சாமிகிட்ட நிக்கறத யாருங்க நின்ன கணக்குல எடுப்பாங்க?" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வேகமாகச் சொன்னார்: "ஆனா வளையம் வேலை செஞ்சுது சார், அதுல பொய்யில்ல. எத்தன வருசமா ஊத்தறேன், ஒருநாளும் பெடல் அப்பிடி எறுகுனதில்ல."

அது உண்மையாகவும் இருக்கலாம். தண்ணீர் பட்டால் அந்த மடிப்புகள் சூட்டை இன்னும் வேகமாக விடும். வளையமும் தண்ணீரும் சேர்ந்து செய்த வேலையை நாங்கள் வளையத்தின் பெயரில் மட்டும் எழுதியிருக்கிறோம். மனதுக்குள் நான் அப்போதே ரேவதிக்குத் திருத்தம் எழுதத் தொடங்கிவிட்டேன். துறைத் தலைவரிடம் என்ன சொல்வது என்றும் ஒத்திகை பார்த்தேன். பஸ் டிரைவர்கள் நடுவழியில் இறங்கிச் சக்கரத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போவதில்லை, ஆகவே வளையம் பஸ்ஸுக்கு ஏறாது. ஒருவழியாகத் தெரிந்துவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று மோரைக் கையில் எடுத்தேன். இத்தனை வருடத்தில் அன்றுதான் முதல்முறையாகப் பயம் விட்டிருந்தது.

அப்போதுதான் அவர் மனைவி வாயைத் திறந்தார். "நீங்களாச்சும் சொல்லுங்க சார். இப்பல்லாம் சாமிகிட்ட நிக்கறதே இல்ல இவுரு."

"அடச் சும்மா இரு" என்றார் மாதையன். என்னிடம் திரும்பி, "ரோட்டு வேலைன்னு தடுப்பு வெச்சுட்டாங்க சார். சாமியத் தூக்கி அந்தாண்டப் பக்கம் மேட்டுல வெச்சிருக்காங்க. வண்டிய நிறுத்த எடமில்ல, நிறுத்துனா போலீஸ் சத்தம் போடுது. ஆடிக்கு அப்பறம் நிக்கறதில்லீங்க. மொதல்ல எனக்கும் திக்குனுதான் இருந்துச்சு. ஒரு கும்புடு போட்டுட்டு அப்பிடியே வந்துருவேன். அப்பறம் நானே யோசன பண்ணுனேன்." அவர் லாரியின் பின்சக்கரத்தைப் பார்த்தார், பெற்ற பிள்ளையைப் பார்ப்பது மாதிரி. "சாமி இல்லைன்னா என்ன, அதான் சார் போட்ட வளையம் இருக்குதேன்னு தைரியம் வந்துருச்சுங்க. இப்பல்லாம் எறக்கத்துல மனசு லேசா இருக்குது. டீசலும் முன்ன மாதிரி குடிக்கறதில்ல."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் பெருமையாகத்தான் சொன்னார். நான் மோரைக் குடிக்காமலேயே டம்ளரை நீட்டினேன். அவர் மனைவி வாங்கிக்கொண்டார். அலுமினிய வளையத்தை நம்பி ஒரு மனிதர் தண்ணீரை விட்டுவிட்டார். வேறு எதை விட்டிருக்கிறார் என்று அந்த டீசல் பேச்சு சொல்லிவிட்டது, ஆனால் அதை அவர் வாயால் கேட்காமல் அந்த வாசலை விட்டு இறங்க எனக்குத் தைரியமில்லை. வெளியே லோடு ஏற்றிய வண்டி சேலம் பக்கம் பார்த்து நின்றிருந்தது. மாதையன் தார்ப்பாய்க் கயிற்றின் நுனியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, கிளம்ப நேரமாகிவிட்டது என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

பாதி வாழ்க்கையைச் சூட்டை அளப்பதிலேயே கழித்தவன், இத்தனை வருடம் தயங்கித் தயங்கி, கடைசியில் அவரிடம் கேட்ட கேள்வியில் சூடு என்ற வார்த்தையே இல்லை: "மாதையன், சாமிகிட்ட நிக்காம வர்ற இந்த நாளெல்லாம், எறக்கத்துல எந்த கியர்ல வர்றீங்க?"